சத்தம் வருது, பேரு வரலை

எங்கள் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. என் கணவர் ‘மேடம்’ என்பார். மாமியாருக்கு ‘போன்காரப் பொண்ணு’. நான் நேரில் ‘அக்கா’ என்று கூப்பிட்டேன். மனசுக்குள் வேறு மாதிரியெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன், அதை இங்கே எழுத முடியாது.

அக்காவுக்கு அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வெளியூருக்குப் பேச டிரங்கால் பதிந்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்த காலத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்து லைன் போட்டுக் கொடுத்தவர். பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் ஆன சமயத்தில் அந்தப் போர்டுக்கெல்லாம் வேலையில்லாமல் போய்விட்டது. அக்காவைப் புகார் வாங்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். போன் வேலை செய்யவில்லை, லைனில் இரைச்சல், அடுத்தவர் பேச்சு குறுக்கே கேட்கிறது என்று நாள் முழுக்க யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அக்கா கேட்டுக்கொண்டிருப்பார்.

கேட்பதுதான் அவர். வேறு என்ன சொன்னாலும் அதற்கு அடுத்துதான். யார் எதைச் சொன்னாலும் நடுவில் பேசாமல் கடைசி வரைக்கும் கேட்பார். கேட்டுவிட்டு அதை அப்படியே திருப்பிச் சொல்லி, “சரிங்களா?” என்பார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, “காபி குடிக்கிறீங்களா, டீயா? டீன்னா தூள் வாங்கியாரணும், கொஞ்சம் நேரமாவும்” என்றேன்.

“காபின்னா இப்பவே. டீன்னா தூள் வாங்கியாரணும், நேரமாகும். சரிங்களா? அப்ப காபியே குடுங்க.”

கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. காது கேளாத அப்பாவை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், எதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

நாங்கள் பெரம்பலூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தோம். வயர் இழுப்பது, ஆம்ப்ளிபயர் பார்ப்பது, ஆர்டர் பிடிப்பது எல்லாம் இவர். கெட்டுப்போன ஸ்பீக்கரைச் சரிபண்ணுவது நான். கல்யாணமான புதிதில் இவர்தான் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வருஷத்தில் என் கைவேலை இவருடையதைவிட நன்றாக வந்தது. கருகின காயிலை, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை, பிரித்து எடுத்து, புதுக்காயிலை நடுவில் சரியாக நிறுத்தி, மேலே காகிதக் கோனை ஒட்டி, காய்ந்ததும் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். எங்கும் உரசாமல் போய்வர வேண்டும். விரலுக்கு அது தெரியும். “உன் கை பட்டா செத்த ஸ்பீக்கரும் எந்திரிச்சு உக்காருது” என்று இவர் நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

எக்ஸ்சேஞ்சில் யாரோ ஓய்வு பெற்றார்கள். அந்த விழாவுக்கு எங்கள் செட். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அக்கா. இரண்டு வார்த்தை பேசியதுமே மைக்கை மூடிக்கொண்டு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

“சார், தப்பா நினைச்சிக்காதீங்க. உங்க பாக்ஸ்ல நான் பேசறது நான் பேசற மாதிரி இல்லீங்க.”

வீட்டுக்கு வந்து இவர் இதை என்னிடம் சொன்ன விதத்தைப் பார்த்தால், யாரோ மாலை போட்டு அனுப்பினது போல இருந்தது. “எத்தனை வருஷமா செட் போடறோம், ஒருத்தன் இப்படிச் சொன்னதில்ல, பாத்துக்க” என்றார். அந்த பாக்ஸில் இருந்த ஸ்பீக்கர்கள் நான் ஒட்டினவை என்பது இவருக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை.

எங்களிடம் நான்கு பெரிய பாக்ஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பீக்கர். கீழே இருக்கும் பெரியது மேளத்தின் அதிர்வுக்கு. உச்சியில் இருக்கும் சின்னது ஜால்ரா மாதிரியான கூர்மையான சத்தத்துக்கு. நடுவில் எட்டு இஞ்சில் ஒன்று, அதை மிட் என்போம். மனுஷர் பேசுவது பெரும்பாலும் அந்த மிட்டில்தான் வரும். அது கெட்டால் பாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். பேச்சு மட்டும் போய்விடும். எங்களுடைய மிட் நான்கையும் நான் மூன்று தடவையாவது காயில் மாற்றியிருந்தேன். கோன் தளர்ந்து போயிருந்தது. அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். எதைப் போடுவது என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வியை அந்த அக்கா ஒரே வார்த்தையில் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இவர் திருச்சிக்குப் போய் மூன்று தினுசில் மாதிரி வாங்கி வந்தார். ஒன்று கனமான காந்தம் வைத்தது, கையில் எடுத்தாலே தெரியும், எதையும் தாங்கும். எனக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று மலிவானது. மூன்றாவது லேசான காகிதக் கோன், சின்னக் காந்தம்.

“இதுல என்ன யோசனை? கனமானதைப் போடுங்க” என்றேன்.

“மேடத்தை ஒரு தடவை கேக்கச் சொல்லிடலாம். ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்காங்க.”

அதற்குள் வரச் சொல்லியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் ஊர்ப் பெயர்களாக எழுதியிருந்தார். அரியலூர், அரும்பாவூர், ஆலத்தூர், ஆண்டிமடம், செந்துறை, உடையார்பாளையம். ஒன்றுக்கொன்று மயங்கக்கூடியவையாகப் பார்த்து எடுத்திருந்தார். “லைன்ல எப்பவும் தகராறு பண்றது இந்தப் பேருங்கதான்” என்றார். பாக்ஸை வாசலில் வைத்தோம். இவர் உள்ளே உட்கார்ந்து மைக்கில் பெயர்களை மாற்றி மாற்றிப் படிக்க, அக்கா தெருக்கோடிக்குப் போய் நின்று, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் திருகாணியைக் கழற்றி ஒரு மிட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டியது நான். மூன்று ஸ்பீக்கரையும் கையால் தொட்டவள் நான் ஒருத்திதான். உனக்கு எப்படிக் கேட்குது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கனமானது பாடியபோது தெருவில் இரண்டு கதவு திறந்தது. அவ்வளவு சத்தம். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா நோட்டோடு வந்தார்.

“சத்தம் வருதுங்க. பேரு வரலை.”

நோட்டைக் காட்டினார். அரும்பாவூர் என்று இவர் படித்த இடத்திலெல்லாம் அரியலூர் என்று எழுதியிருந்தார். மலிவானது மூக்கடைத்தவர் பேசுவது போல இருக்கிறதாம். லேசான கோனைப் போட்டதும், தெருக்கோடியிலிருந்து அவர் நடந்து வரும்போதே முகத்தில் தெரிந்தது.

“இதுல சத்தம் கொஞ்சம் கம்மி. ஆனா அரியலூர் அரியலூரா வருது, அரும்பாவூர் அரும்பாவூரா வருது.”

நான் விடவில்லை. “இது தாங்காதுங்க. இவ்வளவு லேசான கோனு. ஒரு குத்துப்பாட்டு போட்டா அடிச்சத்தம் தாங்காம காயில் கருகிடும்.”

“லேசான கோனு. குத்துப்பாட்டு போட்டா அடிச்சத்தம் தாங்காம காயில் கருகிடும். சரிங்களா?” என்றார். பிறகு, “கருகாம இருக்க என்ன செய்யலாம்னு சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

எனக்குத் தெரியும்தான். “மிட்டுக்குப் போற வயர்ல கெப்பாசிட்டர் ஒண்ணு வெச்சா அடிச்சத்தம் அதுக்குள்ள போவாது” என்றேன்.

“அவ்வளவுதான! நாலு பாக்ஸுக்கும் நீயே போட்டுடு” என்றார் இவர். தீர்ந்தது. அந்த அக்கா தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர் நிலைப்பதற்கு வழி சொன்னதும் நானாகிவிட்டேன்.

அதன் பிறகு அக்கா விடுமுறை நாட்களில் எங்கள் செட்டுக்கு அறிவிப்புச் செய்ய வர ஆரம்பித்தார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. போர்டில் உட்கார்ந்து ஊரெல்லாம் பேசியவருக்கு அந்த மேஜை போதவில்லை போலிருக்கிறது. ஒருவர் எதற்காக வருகிறார் என்பதற்குச் சம்பளம் ஒரு நல்ல காரணம். அது இல்லாததால் நான் வேறு காரணங்களை யோசித்தேன்.

மாமியாருக்கு அப்போதே காது பாதி மந்தம். சாப்பிட வாங்க என்று நான் மூன்று தடவை கத்துவேன். “ஏன்டி இப்படி வூடு இடியக் கத்துற, ஒண்ணும் வெளங்கல” என்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகத்தான் பேசுவார், ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்தில் வைத்து. மாமியார் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். “இந்தப் பொண்ணு பேசுறது கேக்குதே எனக்கு! காதுல கோளாறு இல்ல, உன் வாயிலதான்” என்று என்னிடம் சொன்னார். இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக்கூட மன்னித்துவிட்டேன். அக்கா பேசும்போது இவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். ஆம்ப்பில் ஏதாவது உறுமல் கேட்கிறதா என்று பார்க்கும்போது சாய்ப்பாரே, அந்த மாதிரி. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நான் பேசும்போது ஒருநாளும் அந்தத் தலை சாய்ந்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டோ, வயரைச் சுற்றிக்கொண்டோ, ‘ம், ம், சொல்லு’ என்பார். சொல்லி முடித்த பிறகு, ‘என்ன சொன்ன?’ என்பார்.

ஆனால் நானும் அவரிடம் மயங்கினேன், அதையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையற்கட்டில் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி அக்கா ஒன்றைச் சொன்னார். ஏன் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்றீங்க என்று நான்தான் கேட்டேன்.

“வேலைக்குச் சேந்த புதுசுல சென்னையிலேர்ந்து ஒரு கால். லைன்ல ஒரே இரைச்சல். ரெண்டு பக்கமும் ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கலை. ‘நீங்களே எங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க’ன்னு அந்தப் பையன் என்கிட்ட கத்தறான். ‘அப்பா இறங்கிட்டாரு’ன்னிருக்கான். ரயிலை விட்டு நல்லபடியா இறங்கிட்டாருன்னு. எனக்கு ‘இறந்துட்டாரு’ன்னு விழுந்துச்சு. அப்படியே உடையார்பாளையத்துல அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

“சாயங்காலம் மறு கால் வர்ற வரைக்கும் அந்த அம்மா அழுதிருக்காங்க. மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்கே வந்துட்டாங்க. அடிக்கத்தான் வராங்கன்னு நெனச்சேன். திட்டக்கூட இல்ல. ‘எங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காருன்னு ஒரு தடவை உன் வாயால சொல்லிடும்மா’ன்னாங்க. சொன்னேன். இன்னொரு தடவைன்னாங்க. அதையும் சொன்னேன்.”

வெங்காயத்தால் கண் கலங்கியதா என்று தெரியாதபடி இருவரும் துடைத்துக்கொண்டோம். என்னை நம்பி இதைச் சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அக்கா பஸ் ஏறிப் போனதும் இவரிடம் ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வரி சொல்வதற்குள், “தெரியுமே, உடையார்பாளையம் அம்மா கதைதான? போன மாசமே சொன்னாங்க” என்றார்.

திருச்சியில் சொல்லிவைத்து ஒருவழியாக வந்துசேர்ந்திருந்த புது மிட்டுகளை அடுத்த நாள் காலையில் நான்கு பாக்ஸுக்கும் மாட்ட உட்கார்ந்தேன். நான்கு கெப்பாசிட்டர் மேஜைமேல் இருந்தது. இரண்டு பாக்ஸில் இரண்டைப் போட்டேன். மற்ற இரண்டு பாக்ஸில் வயரை நேராக மிட்டில் பற்றவைத்துப் பின்பலகையைத் திருகி மூடினேன். மிஞ்சின இரண்டு கெப்பாசிட்டரையும் தையல் டப்பாவில் போட்டேன். ஏதோ ஒரு கல்யாண வீட்டில், ஏதோ ஒரு பாட்டில் கருகட்டும், ‘அவ அன்னைக்கே சொன்னா’ என்று இவர் சொல்லட்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புது மிட்டோடு போன முதல் ஆர்டர் கல்யாணமாக வரவில்லை. செந்துறைப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தேர். கோயில் பந்தலில் இரண்டு பாக்ஸ், குளத்துக்கு அந்தக் கரையில் இரண்டு. நான் கெப்பாசிட்டர் போடாமல் மூடின இரண்டும் குளக்கரைக்குப் போயின. காலையில் ஏழு மணியிலிருந்து பாட்டு. ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பக்கத்துச் சத்தம் மாறினது எனக்குத் தெரிந்துவிட்டது. அடிச்சத்தம் மட்டும் தும் தும் என்று குளத்தைத் தாண்டி வந்தது. இவர் ஜெனரேட்டர் பக்கம் நின்றிருந்தார். நான் ஆம்ப்புக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

பத்து மணி வெயிலில் வடம் பிடித்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நாலு பேர் தூக்கி வந்து பந்தலில் ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். ஐம்பது வயதிருக்கும். அரும்பாவூரிலிருந்து வந்தவர். “மாத்திரை அவ மடியில இருக்கு... செல்லம்மா” என்று சொல்ல மட்டும் அவரால் முடிந்தது. தேரும் கூட்டமும் வழியை அடைத்திருந்ததால் வண்டி எதுவும் உள்ளே வர முடியவில்லை.

அக்கா மைக்கைப் பிடித்தார். “அரும்பாவூர் செல்லம்மா. அரும்பாவூர் செல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை வேணும். உடனே கோயில் பந்தலுக்கு வாங்க.” பதற்றமே இல்லை. மூன்று தடவை சொன்னார். பிறகு நிறுத்திவிட்டுக் குளத்துக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே வேப்பமரத்து நிழலில் நூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருமே திரும்பிப் பாக்கலை” என்றார் என்னிடம். “ஒரு பேரைச் சொன்னா, அந்தப் பேரு இல்லாதவங்களாவது திரும்பிப் பாப்பாங்க. அந்தக் கரையில பேரு போகலை.”

அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அக்கா, அங்கே இரண்டும் கருகிப்போச்சு, ஓடுங்க என்று சொல்லியிருக்கலாம். நான் சாப்பாட்டுப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அக்கா மைக்கை வைத்துவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். மேளத்துக்கும் வெடிக்கும் நடுவில், “அரும்பாவூர் செல்லம்மா” என்று கத்திக்கொண்டே குளத்தைச் சுற்றினார். மெதுவாகப் பேசிப் பழகின தொண்டை அது. பாதி தூரத்திலேயே பிசிறடிப்பது எனக்குக் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து ஒரு அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் அழுதபடியே மடியை அவிழ்த்து மாத்திரையை எடுத்துப் புருஷனின் நாக்குக்கு அடியில் வைத்தாள். “ஏதோ ஊரு பேரு சொன்னாங்க, அரியலூர்னுதான் காதுல விழுந்துச்சு, நமக்கில்லன்னு உக்காந்துட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் வழியை விலக்கி, கட்டிலோடு தூக்கிப்போய், செந்துறை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து இவர், “அந்தக் கரையில மிட்டு ரெண்டும் எரிஞ்சிடுச்சி. நீ சொன்ன மாதிரி கனமான காந்தத்தையே போட்டுடலாம்” என்றார். நான் காத்திருந்த வாக்கியம். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன்.

அந்த வாரமே அரியலூருக்குப் போனேன். அக்கா வீட்டில்தான் இருந்தார். ஒரு மாசம் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். கையில் அதே நோட்டும் பென்சிலும். உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தையல் டப்பா வரைக்கும். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார்.

‘ரெண்டு பாக்ஸில் கெப்பாசிட்டர் போடவில்லை. தெரிந்தே. என் மேல் பொறாமை. சரிங்களா?’

என் வாழ்க்கையில் நான் பேசியதை இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன். அக்கா அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் கோபம் இருந்ததா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தாளில், ‘அந்த அரும்பாவூர்க்காரர் நல்லா இருக்கார், நேத்து போன் பண்ணார், அப்பா எடுத்தார், ஒண்ணும் கேக்கலை, அப்புறம் நான் வாங்கிக் காதில் வைத்தேன்’ என்று எழுதினார். தன் அப்பாவின் மந்தக் காதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. ‘அவருக்குத் தெரியுமா?’ என்று எழுதினார். இவருக்குத் தெரியாது என்றேன். காபி போட்டுக் கொடுத்தார். பஸ் வரை வந்தார்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் செட்டுக்கு வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. மேடத்துக்குத் தான் தேர்ந்தெடுத்தது எரிந்துபோன வருத்தம் போலிருக்கிறது என்று மாமியாரிடம் சொன்னார். மாமியார் கொஞ்ச நாள் வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போனபோது பஸ் ஸ்டாண்டு எதிரில் எஸ்.டி.டி. பூத் ஒன்றில் புகார் நம்பரைச் சுழற்றினேன். அவர் குரல் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“சொல்லுங்க” என்றது. அதே குரல்தான். அடியில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல், “எங்க லைன்ல பேச்சு தெளிவா கேக்க மாட்டேங்குதுங்க” என்றேன்.

“லைன்ல பேச்சு தெளிவா கேக்கலை. சரிங்களா?” என்றார். “இப்ப நான் பேசறது கேக்குதா?”

“கேக்குதுங்க.”

“எனக்கும் நீங்க பேசறது நல்லா கேக்குதுங்க. லைன்ல பழுது ஒண்ணும் இல்ல” என்றார். வைத்துவிட்டேன். பிறகு அவர் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

எட்டு வருஷம் ஓடியது. எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. கனமான காந்தம் வைத்த மிட்டுகளும் ஒருவழியாகத் தேய்ந்தன. இவர் திருச்சிக்குப் போய்ப் புதிதாக நான்கு வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தேன். லேசான காகிதக் கோன். பக்கத்தில் நான்கு கெப்பாசிட்டர்.

“குடுங்க, நான் போடறேன்” என்றேன்.

இவர் பற்றவைக்கும் கம்பியைக் கையில் எடுத்தபடி, “வேணாம், இதை நானே போட்டுடறேன்” என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றேன்.

“குளக்கரையில பாக்ஸைத் திறந்து பாத்தவன் நான்தான?”

“ஏன் கேக்கல?”

“கேக்கணும்னுதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி மேடத்துகிட்ட, உங்க மேல தப்பு இல்லங்கன்னு சொல்லிடணும்னு அரியலூர் போனேன். நோட்டுல எழுதிக் காட்டினாங்க. ‘அவங்களே முந்தாநேத்து வந்து சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்’னு. அதான் விட்டுட்டேன்.”

பேரு வராத அந்தக் கனமான ஸ்பீக்கர்களை எட்டு வருஷம் இவர் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தது எனக்காகத்தான் என்று அப்போது புரிந்தது. எனக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிவைத்து, ஒருவர் கண்காணாத ஊருக்குப் போன பிறகும் இன்னொருவர் அந்தப் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது, எனக்குத் தெரியாமல் இல்லை. காலில் விழுந்திருந்தால்கூடத் தகும்.

“எத்தனை தடவை போனீங்க?” என்றுதான் கேட்டேன்.

“எங்க?”

“அவங்க வூட்டுக்கு.”

இவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.